இத்தனை பேர் மாறிய பிறகும் அது டீப் பர்ப்பிள்தானா?

இங்கிலாந்து ராக் குழுவான டீப் பர்ப்பிளை 1968இல் தொடங்கிய ஐந்து பேரில் இன்றைக்கும் குழுவில் இருப்பவர் டிரம்ஸ் வாசிக்கும் இயன் பெய்ஸ் மட்டும்தான். பாடகர், கிடார், பாஸ் கிடார், ஆர்கன் என்று மற்ற எல்லா இடங்களிலும் ஆள் மாறிவிட்டது, சில இடங்களில் பல முறை. இப்போது மேடை ஏறுவது அதே குழுதானா, பெயரை மட்டும் வைத்திருக்கும் வேறொரு குழுவா என்பது கேள்வி.

அதே குழுதான் என்பது என் பதில். பழைய ரசிகர்கள் பலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கிடார் வாசித்த ரிச்சி பிளாக்மோர் போன அன்றே எல்லாம் முடிந்தது என்பார்கள். அவர்களுடைய வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் கதையை முதலிலிருந்து பார்த்தால், ஆள் மாறுவது இந்தக் குழுவுக்கு நடுவில் வந்த கோளாறு இல்லை, பிறக்கும்போதே கூட வந்தது என்று தெரியும்.

தி சர்ச்சர்ஸ் குழுவில் டிரம்ஸ் வாசித்த கிறிஸ் கர்ட்டிஸ் என்பவருடைய யோசனை அது. நிரந்தர உறுப்பினர்கள் என்று யாரும் வேண்டாம், ராட்டினத்தில் ஏறி இறங்குவதுபோல இசைக்கலைஞர்கள் வந்து போகட்டும் என்று நினைத்தார். குழுவுக்கு வைத்த பெயரும் ரவுண்டபவுட். லண்டன் தொழிலதிபர் டோனி எட்வர்ட்ஸ் பணம் போட்டார். ஆர்கன் வாசிக்க ஜான் லார்ட் வந்தார், ஜெர்மனியில் ஹாம்பர்க்கில் இருந்த பிளாக்மோரைக் கூப்பிட்டார்கள். யோசனை சொன்ன கர்ட்டிஸே சீக்கிரம் காணாமல் போய்விட்டார். பாஸுக்கு நிக் சிம்பர், பாட ராட் எவன்ஸ், டிரம்ஸுக்குப் பெய்ஸ் என்று ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் ஒரு பழைய பண்ணை வீட்டில் ஒத்திகை தொடங்கியது. 1968 ஏப்ரலில் டென்மார்க்கில் முதல் கச்சேரிகள். அந்தச் சமயத்தில்தான் பெயர் டீப் பர்ப்பிள் ஆனது. பிளாக்மோரின் பாட்டிக்குப் பிடித்த பழைய பாட்டொன்றின் பெயர் அது.

ரசிகர்கள் ஒவ்வொரு அணியையும் மார்க் 1, மார்க் 2 என்று எண் போட்டுச் சொல்வது வழக்கம். மார்க் 1 பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. ஜோ சவுத் எழுதிய 'ஹஷ்' பாட்டை இவர்கள் தங்கள் பாணியில் வாசித்தார்கள், அது அமெரிக்கப் பட்டியலில் 4ஆம் இடம் வரை போனது. சொந்த நாடான இங்கிலாந்தில் கண்டுகொள்ள ஆளில்லை. ஓராண்டுக்குள் மூன்று ஆல்பம் போட்டார்கள். திறமை இருந்தது, திசை இல்லை.

1969 கோடையில் நடந்த மாற்றம் அழகான முறையில் நடக்கவில்லை. எவன்ஸும் சிம்பரும் மாலையில் குழுவோடு மேடை ஏறிக்கொண்டிருந்த அதே நாட்களில், மற்ற மூவரும் பகலில் லண்டன் ஹான்வெல்லில் ஒரு சமுதாயக் கூடத்தில் வேறு இருவரோடு ரகசியமாக ஒத்திகை பார்த்தார்கள். எபிசோட் சிக்ஸ் குழுவின் பாடகர் இயன் கில்லனும் அதே குழுவின் பாஸ் வாசிப்பாளர் ராஜர் குளோவரும்தான் அந்த இருவர். குழு தேடியது கில்லனை மட்டும், குளோவர் கூட வந்தவர். ஆனால் அவர் வாசிப்பும் பாட்டெழுதும் பழக்கமும் பிடித்துப்போய் அவரையும் சேர்த்துக்கொண்டார்கள். இப்படிப் பிறந்ததுதான் மார்க் 2. டீப் பர்ப்பிள் என்றதும் உலகத்துக்கு நினைவில் வரும் ஐந்து பேர் இவர்கள்.

இந்த அணி ஏன் அவ்வளவு பெரிதானது என்பதைப் புரிந்துகொண்டால்தான் முதலில் எழுப்பிய கேள்விக்குப் பதில் கிடைக்கும், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். அந்தக் காலத்து ராக் குழுக்களில் கிடார்தான் ராஜா, கீபோர்டு இருந்தாலும் பின்னணிக்குத்தான். ஜான் லார்ட் அதை மாற்றினார். ஹாம்மண்ட் ஆர்கனின் ஒலியை, வழக்கமாக ஆர்கனுக்கு வைக்கும் சுழலும் ஸ்பீக்கருக்குப் பதில், கிடார்காரர்கள் வைத்துக்கொள்ளும் மார்ஷல் ஆம்ப்ளிஃபயர் வழியாக அனுப்பினார். தேவாலயத்திலும் ஜாஸ் கிளப்பிலும் இனிமையாகக் கேட்ட கருவி கரகரத்து உறும ஆரம்பித்தது. இப்போது கிடாரும் ஆர்கனும் சம பலத்தோடு எதிரெதிரே நிற்க முடிந்தது. பிளாக்மோர் ஒரு வரி வாசிப்பார், லார்ட் அதைப் பிடித்து மாற்றித் திருப்பிக் கொடுப்பார். நடுவே கில்லனின் குரல். நம் கச்சேரியில் பாடகரின் கல்பனாஸ்வரத்துக்கு வயலின் பதில் சொல்வதை ரசிப்பவர்களுக்கு, மேடையில் கில்லனும் பிளாக்மோரும் மாறி மாறிச் சீண்டிக்கொள்ளும் இடங்கள் உடனே பிடிபடும். இவை எல்லாவற்றுக்கும் கீழே இயன் பெய்ஸ். ஹார்ட் ராக் டிரம்மர்கள் பெரும்பாலும் கனமாக அடிப்பார்கள், பெய்ஸின் கையில் ஜாஸின் துள்ளல் இருக்கும். எவ்வளவு சத்தமான பாட்டும் அவர் வாசிக்கும்போது ஓடும், உட்காராது.

1969 செப்டம்பர் 24 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், லார்ட் எழுதிய கான்செர்ட்டோ என்ற நீண்ட இசைப்படைப்பை மால்கம் ஆர்னால்ட் நடத்த, ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு சேர்ந்து வாசித்தார்கள். பேர் வந்தது, ஆனால் அடுத்தது முழு ராக் ஆல்பம்தான் என்று பிளாக்மோர் பிடிவாதமாக நின்றார். 1970 ஜூனில் வந்த 'இன் ராக்' அந்தப் பிடிவாதத்தின் விளைவு. அதில் உள்ள 'சைல்ட் இன் டைம்' பாட்டின் தொடக்கத்துக்கு மூலம், இட்ஸ் எ பியூட்டிஃபுல் டே என்ற அமெரிக்கக் குழுவின் 'பாம்பே காலிங்' என்ற இசைத்துண்டு. கில்லன் இதை மறைத்ததே இல்லை. அதே ஆண்டு 'ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்' ராக் ஆப்பெராவின் முதல் இசைத்தட்டில் இயேசுவாகப் பாடியதும் அவர்தான். அவர் குரல் எந்த உயரத்துக்குப் போகும் என்பதற்கு இந்த இரண்டும் போதும்.

அப்புறம் மான்ட்ரூ. 1971 டிசம்பரில், ரோலிங் ஸ்டோன்ஸின் நடமாடும் ஒலிப்பதிவு வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு சுவிட்சர்லாந்தின் அந்த ஏரிக்கரை ஊருக்குப் போனார்கள். ஊர் கசினோவில் ஒலிப்பதிவு செய்வதாகத் திட்டம். அதற்கு முன் அங்கே கடைசிக் கச்சேரி ஃபிராங்க் ஸாப்பாவுடையது. டிசம்பர் 4ஆம் தேதி, அந்தக் கச்சேரியின் நடுவே யாரோ ஒருவர் கூரையை நோக்கித் தீச்சுடர்த் துப்பாக்கியால் சுட, கசினோவே எரிந்து போனது. நல்ல வேளையாக யாரும் சாகவில்லை. ஏரியின் மேல் படர்ந்த புகையைக் குழு பார்த்துக்கொண்டிருந்தது. சில நாள் கழித்துத் தூக்கத்திலிருந்து எழுந்த குளோவரின் வாயில் ஒரு தலைப்பு இருந்தது: 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்'.

அந்தப் பாட்டின் இசைப்பகுதி பதிவானது பெவிலியன் என்ற அரங்கத்தில். அக்கம்பக்கத்தார் சத்தம் தாங்காமல் புகார் செய்ய, போலீஸ் கதவைத் தட்டியது. வாசித்து முடிக்கும்வரை உதவியாளர்கள் கதவை உள்ளிருந்து பிடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்தும் வெளியேற வேண்டியிருந்தது. கடைசியில் குளிர்காலத்துக்காக மூடிக் கிடந்த கிராண்ட் ஹோட்டலின் நடைவழியில் மெத்தைகளை அடுக்கி மற்ற பாடல்களைப் பதிவு செய்தார்கள். வாசித்ததைத் திரும்பக் கேட்க வேண்டுமென்றால் அறைகளையும் பால்கனிகளையும் தாண்டி வெளியே வண்டிக்குப் போக வேண்டும். அந்தச் சிரமத்தில் கேட்பதையே விட்டுவிட்டார்கள், நன்றாக வந்தது என்று தோன்றினால் அடுத்த பாட்டுக்குப் போனார்கள். 'மெஷின் ஹெட்' ஆல்பத்தில் இருக்கும் உயிர்த்துடிப்புக்கு இந்த நெருக்கடியும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். யோசித்து யோசித்து மெருகேற்ற அவர்களுக்கு வழியே இருக்கவில்லை.

கிடார் கற்றுக்கொள்ளும் யாரும் முதல் வாரத்திலேயே வாசித்துப் பார்க்கும் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' ரிஃப்பில், அதாவது திரும்பத் திரும்ப வரும் அந்தச் சின்ன இசைத்துணுக்கில், பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பிளாக்மோர் அதைப் பிளெக்ட்ரம் என்ற சிறு தகட்டால் அடிக்கவில்லை, இரண்டு தந்திகளை விரலால் ஒன்றாகச் சுண்டினார். லார்டின் ஆர்கனும் அதே ரிஃப்பைக் கூடவே வாசிக்கிறது. கிடாரை மட்டும் வைத்து வாசித்தால் இசைத்தட்டில் உள்ள அந்தக் கனம் வராது.

1972 ஆகஸ்டில் ஒசாகாவில் இரண்டு நாள், டோக்கியோவில் ஒரு நாள் வாசித்ததைத் தொகுத்ததுதான் 'மேட் இன் ஜப்பான்'. முதலில் ஜப்பானிய நிறுவனத்துக்காக மட்டும் ஒப்புக்கொண்ட காரியம் அது. நேரடிக் கச்சேரி இசைத்தட்டுகளில் அதற்கு இணையாக நான் வைப்பவை மிகக் குறைவு.

ஆனால் அதே நேரத்தில் குழு உள்ளே உடைந்துகொண்டிருந்தது. ஓய்வே இல்லாத டூர்கள், மாற்றி மாற்றி உடல்நலக் குறைவு, கில்லனுக்கும் பிளாக்மோருக்கும் பேச்சே இல்லாத நிலை. கில்லன் 1972 முடியும் முன்பே ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு, 1973 ஜூன் 29 அன்று ஒசாகாவில் கடைசிக் கச்சேரியை முடித்துக்கொண்டு போனார். மூன்று மாத ஓய்வு கொடுத்திருந்தால் இந்தப் பிரிவைத் தவிர்த்திருக்கலாம் என்று எப்போதும் நினைத்துக்கொள்வேன். குழுவை நடத்தியவர்கள் அந்த ஓய்வைக் கொடுக்கவில்லை. பிளாக்மோர் விரும்பாததால் குளோவரும் வெளியேற வேண்டியதாயிற்று. அவர் செய்த தவறு எதுவும் இல்லை.

அடுத்து வந்தவர்களைப் பாருங்கள். டிரபீஸ் குழுவிலிருந்து க்ளென் ஹியூஸ், பாஸும் வாசிப்பார், உச்சக் குரலில் பாடவும் செய்வார். பாடகராக, இங்கிலாந்தின் வடகிழக்கில் ரெட்கார் என்ற கடலோர ஊரில் துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த 21 வயது டேவிட் கவர்டேல். வெளியுலகம் பெயரே கேள்விப்படாத ஆள். கில்லனைப்போலப் பாடும் ஒருவரைத் தேடிப் பிடித்திருக்கலாம், அப்படிச் செய்யவில்லை. கவர்டேலின் குரல் கீழ்ஸ்தாயியில் கரகரக்கும் ப்ளூஸ் குரல். இரண்டு பேர் மாறி மாறிப் பாடுவது என்ற புது அமைப்பையே உண்டாக்கிக்கொண்டார்கள். 1974இல் வந்த 'பர்ன்' ஆல்பத்தின் தலைப்புப் பாட்டைக் கேட்டால், ஆள் மாறிய குழு என்று சொல்லத் தோன்றாது. பெய்ஸ் பாட்டு முழுக்க டிரம்ஸில் சோலோ வாசிப்பதுபோல வாசித்திருப்பார். அந்த ஏப்ரலில் கலிஃபோர்னியா ஜாம் விழாவில் பெருங்கூட்டத்துக்கு முன் பிளாக்மோர் தொலைக்காட்சிக் கேமராவைக் கிடாரால் குத்தி உடைத்தது தனிக் கதை.

ஹியூஸும் கவர்டேலும் ஃபங்க், சோல் என்ற கறுப்பின அமெரிக்க இசை வகைகளின் பக்கம் குழுவை இழுத்தார்கள். பிளாக்மோருக்கு அது பிடிக்கவில்லை. 1975 ஏப்ரலில் அவர் விலகி ரெயின்போ குழுவைத் தொடங்கினார். அவர் இடத்துக்கு வந்த டாமி போலின் அமெரிக்கர், ஜாஸ் டிரம்மர் பில்லி காபமின் 'ஸ்பெக்ட்ரம்' ஆல்பத்தில் பிரமாதமாக வாசித்தவர். 'கம் டேஸ்ட் தி பேண்ட்' ஆல்பத்தைப் பலர் ஒதுக்குகிறார்கள், அது நியாயமில்லை. போலின் பிளாக்மோரை நகல் எடுக்காமல் தன் கிடாரையே வாசித்திருக்கிறார். ஆனால் மேடையில் கூட்டம் பழைய பாட்டைப் பழைய மாதிரியே கேட்டது. கூடவே போதைப் பழக்கம் அவரையும் ஹியூஸையும் தின்றுகொண்டிருந்தது. 1976 மார்ச் 15 அன்று லிவர்பூல் கச்சேரியோடு குழு கலைந்தது. அதே ஆண்டு டிசம்பர் 4, மான்ட்ரூ தீ நடந்து சரியாக ஐந்து ஆண்டு ஆன நாளில், போலின் மயாமியில் இறந்தார். வயது 25. எவ்வளவு பெரிய இழப்பு என்று இப்போது கேட்டாலும் மனம் கனக்கிறது.

இனி, அதே குழுதானா என்ற கேள்விக்கு நேராகவே பதில் சொல்லும் ஒரு சம்பவம். 1980இல் அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் டீப் பர்ப்பிள் என்ற பெயரில் ஒரு குழு கச்சேரி செய்தது. அதில் இருந்த ஒரே பழைய ஆள், மார்க் 1 பாடகர் ராட் எவன்ஸ். மற்றவர்கள் குழுவோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள். காசு கொடுத்து வந்த ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். லார்ட், பெய்ஸ், பிளாக்மோர் முதலியோர் இதில் வாசிக்க மாட்டார்கள் என்று பத்திரிகையில் விளம்பரமே கொடுக்க வேண்டி வந்தது. வழக்கு போய், 6,72,000 டாலர் இழப்பீடு தரும்படி தீர்ப்பானது. எவன்ஸ் தனக்கு வந்துகொண்டிருந்த ராயல்டியையும் இழந்தார், அதோடு இசையுலகத்தை விட்டே மறைந்துபோனார்.

குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர் இருந்தால் போதும் என்றால் அந்தக் குழுவும் டீப் பர்ப்பிள்தான். யாரும் அப்படி ஏற்கவில்லை, ஏற்கவும் கூடாது. தொடக்கத்தில் இருந்தவரா என்பதை வைத்து இதை முடிவு செய்ய முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. வாசிக்கும் முறை ஒருவரிடமிருந்து ஒருவருக்கு, கூடவே வாசித்து, கைமாறி வந்ததா என்று பார்க்க வேண்டும். எவன்ஸின் குழுவில் அந்தத் தொடர்ச்சி அறுந்திருந்தது. அதை உண்மையில் சுமந்தவர்கள் அப்போது வேறு பெயர்களில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். கவர்டேலின் வைட்ஸ்நேக்கில் லார்டும் பெய்ஸும் இருந்தார்கள், ரெயின்போவில் பிளாக்மோரோடு குளோவரும் டான் ஏரி என்ற கீபோர்டு கலைஞரும் இருந்தார்கள். ஏரியின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

1984இல் மார்க் 2 ஐவரும் மறுபடி சேர்ந்தார்கள். 'பெர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' நல்ல ஆல்பம், தலைப்புப் பாட்டு மிக நல்ல பாட்டு. ஆனால் அதற்கடுத்த 'தி ஹவுஸ் ஆஃப் புளூ லைட்' சோர்ந்து கிடக்கிறது. மார்க் 2 ஐந்து பேரும் இருந்தும் மூச்சு வாங்குகிறது. ஆள்தான் எல்லாம் என்பவர்கள் இந்த ஆல்பத்தை எப்படி விளக்குவார்கள்? 1989இல் கில்லனை அனுப்பிவிட்டு, ரெயின்போவில் பாடிய ஜோ லின் டர்னரைக் கொண்டுவந்தார்கள். அவர் பாடிய ஆல்பம் ரெயின்போவின் தொடர்ச்சிபோலத்தான் கேட்கிறது. 25ஆம் ஆண்டை ஒட்டிக் கில்லன் திரும்பினார், பழைய சண்டையும் திரும்பியது. 1993 நவம்பர் 17 அன்று ஹெல்சிங்கி கச்சேரியோடு பிளாக்மோர் நிரந்தரமாக விலகினார். ஜப்பான் கச்சேரிகள் தலைக்கு மேல் இருந்தன. ஜோ சாட்ரியானி வந்து அவற்றை வாசித்துக் காப்பாற்றினார், அடுத்த கோடையில் ஐரோப்பாவிலும் வாசித்தார். அவருக்குத் தன் சொந்த ஒப்பந்தம் இருந்ததால் தங்க முடியவில்லை.

1994இல் ஸ்டீவ் மோர்ஸ் வந்தார். டிக்ஸி டிரெக்ஸ் குழுவை நடத்தியவர், கன்சாஸில் வாசித்தவர். பிளாக்மோரின் கிடாரில் ஒரு மிரட்டல் உண்டு, மோர்ஸிடம் அது கிடையாது. அவரிடம் இருந்தது தெளிவும் மெலடியும். 1996இல் வந்த 'பர்பெண்டிக்குலர்' ஆல்பத்தில் 'சம்டைம்ஸ் ஐ ஃபீல் லைக் ஸ்க்ரீமிங்' பாட்டைக் கேளுங்கள். பல ஆண்டுகளாகப் பயந்து பயந்து வாசித்தவர்கள் மனம்விட்டு வாசிப்பது அதில் தெரிகிறது. பிளாக்மோர் இரண்டு தடவையும் சேர்த்துக் குழுவில் இருந்தது ஏறக்குறைய 16 ஆண்டு. மோர்ஸ் இருந்தது 28 ஆண்டு. அவரை இன்னமும் மாற்று ஆள் என்று பேசுவது சரியில்லை. 2016இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம் கிடைத்தபோது பட்டியலில் மோர்ஸும் இல்லை, ஏரியும் இல்லை, முதல் மூன்று ஆல்பங்களில் வாசித்த சிம்பரும் இல்லை. எவன்ஸுக்கு இடம் இருந்தது. மூவருக்கும் இழைத்த அநீதி அது.

1999இல் இன்னொரு அருமையான காரியம் நடந்தது. லார்டின் கான்செர்ட்டோவின் இசைக்குறிப்பு தொலைந்து போயிருந்தது. டச்சு இசையமைப்பாளர் மார்கோ டி ஹூய் பழைய பதிவைக் கேட்டும் பார்த்தும் அதை மீட்டெழுதினார். 30 ஆண்டு கழித்து அதே ராயல் ஆல்பர்ட் ஹாலில் லண்டன் சிம்ஃபனி இசைக்குழுவோடு மறுபடி வாசித்தார்கள். லார்ட் 2002இல் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு வந்தவர்தான் டான் ஏரி. நான் முன்பு சொன்ன கைமாறல் இதுதான். பிளாக்மோரோடும் குளோவரோடும் ஏற்கெனவே வாசித்தவர், ஹாம்மண்டின் அந்த உறுமலைக் கையில் வைத்திருந்தவர். 2012 ஜூலையில் லார்ட் காலமானார். அடுத்த ஆண்டு, தயாரிப்பாளர் பாப் எஸ்ரினோடு சேர்ந்து செய்த 'நவ் வாட்?!' ஆல்பத்தை அவருக்குச் சமர்ப்பித்தார்கள். அது ஜெர்மனியில் முதலிடம் பிடித்தது, அதற்கடுத்த இரண்டு ஆல்பங்களும் அங்கே முதலிடம் பிடித்தன.

2022இல் மோர்ஸ், புற்றுநோயோடு போராடிய மனைவியைக் கவனித்துக்கொள்வதற்காக விலகினார். இப்போது கிடார் வாசிக்கும் சைமன் மெக்பிரைட் வட அயர்லாந்துக்காரர், குழு தொடங்கி 11 ஆண்டு கழித்து, 1979இல் பிறந்தவர். கில்லனோடும் ஏரியோடும் முன்பே தனித்தனியாக வாசித்தவர். 2024இல் வந்த ஆல்பத்தில் அவர் கிடாரில் பிளாக்மோரின் முரட்டுத்தனம் கொஞ்சம் திரும்பியிருக்கிறது, ஏரியின் ஆர்கனோடு சண்டையும் போடுகிறார். கில்லன் 1945இல் பிறந்தவர். 'சைல்ட் இன் டைம்' பாட்டின் உச்ச இடங்களை இனித் தொட முடியாது என்று தெரிந்து பல ஆண்டுக்கு முன்பே அதைப் பாடுவதை நிறுத்திவிட்டார். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

சிகரம் எது என்று கேட்டால் 1970 முதல் 1973 வரைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சிகரம் ஒன்றுதான் என்பதால் மற்றவை போலியாகிவிடாது. நீங்களே கேட்டு முடிவு செய்யுங்கள். 'மேட் இன் ஜப்பான்' முழுவதையும் முதலில், பிறகு 'பர்ன்', பிறகு 'பர்பெண்டிக்குலர்', கடைசியாக 'நவ் வாட்?!'. ஒரே நாளில் நான்கையும் கேட்க வேண்டாம். பாடகரையும் கிடாரையும் காது தானாகவே ஒப்பிடும், அதை இரண்டாவது தடவைக்கு ஒதுக்கிவிட்டு, முதல் தடவை பெய்ஸின் டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள், அப்புறம் ஆர்கனும் கிடாரும் யாருக்கு யார் பதில் சொல்கிறார்கள் என்று பாருங்கள்.